முதல் கவளத்தோடு ஒன்று

அவர்கள் கடைசியாகச் சண்டை போட்டுக்கொண்டது சேப்பங்கிழங்குக்காக.

ஸ்ரீரங்கம் மேற்கு உத்தர வீதி வீட்டில் தளிகை அழகியமணவாளனுடைய பொறுப்பு. பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே கரண்டி அவர் கைக்கு வந்துவிட்டது. மனைவி கமலவல்லி அதற்குப் பிறகும் சில வருஷம் உறையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது சமையலறையைத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை. கேட்க அவளுக்கும் மனம் வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிழங்கை வேகவைத்து உரித்து, மாவில் புரட்டி, அடுப்பின் முன்னாலேயே நின்று மொறுமொறுவென்று வறுத்துத் தட்டில் போட்டார். கமலவல்லி ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோய், அப்படியே திருப்பி வைத்தாள்.

"எண்ணெய் வாசனை குமட்டறதுன்னா."

"செக்குல ஆட்டின எண்ணெய் குமட்டறதாம்! வேண்டாம்னா முன்னாடியே சொல்றதுதானே? மனுஷன் இத்தனை நாழி வெந்துண்டிருக்கேன்."

"கிழங்கைத்தான் வேக வெக்கச் சொன்னேன். உங்களை யார் வேகச் சொன்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று தட்டை டங்கென்று எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு நிறம் நின்றது.

"கமலா, இங்கே பாரு."

அவள் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து கண்ணாடிக்குப் போனாள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள்: "பித்த நிறமி. எங்கேயோ வழி அடைச்சுண்டிருக்கு."

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை போட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அரிசியைக் குறைத்தாள், இனிப்பை விட்டாள், கிடுகிடுவென்று இளைத்தாள். வீதியில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். "மாமி வாயைக் கட்டினா இப்படிக் கட்டணும்!" அழகியமணவாளனுக்கே பெருமையாக இருந்தது. வயசான காலத்தில் திடீரென்று வந்த சர்க்கரையும், நிற்காத இளைப்பும், முதுகில் அவ்வப்போது தெரிந்த வலியும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை என்பதை மருத்துவர் இருதயநாதன் சொன்னபோதுதான் அவர் அந்தப் பாராட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து நடுங்கினார்.

இருதயநாதன் திருச்சியில் புற்றுநோய் பார்ப்பவர். மெதுவாகப் பேசுகிறவர். அந்த மெதுவே பயமாக இருந்தது.

"கணையத்தோட தலைப்பகுதியில கட்டிம்மா. பித்தக் குழாயை அழுத்துது. அதுக்குள்ள ஒரு சின்னக் குழாய் வெச்சு மஞ்சளை இறக்கிடலாம்."

"ஆபரேஷன்?" என்று கமலவல்லி கேட்டாள்.

"குடலுக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. இப்போதைக்கு முடியாது. கீமோ மருந்தை நரம்புல ஏத்திப் பார்ப்போம்."

"கே-ராஸ்தானே டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். பெரும்பாலும் அதுதான். நீங்க..."

"டீச்சர்" என்றார் அழகியமணவாளன்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. அப்போது அவளே சொன்னாள். "அந்த கே-ராஸ் ஒரு புரதம். செல் வளரணுமா வேண்டாமான்னு சொல்றது. சுவிட்ச் மாதிரி. போடணும், அணைக்கணும். என்னோடது போட்டபடியே மாட்டிண்டுடுத்து."

"அணைக்க மருந்து இருக்குமோன்னோ?"

"நாப்பது வருஷமா விஞ்ஞானிகள் தேடினா. வழவழன்னு இருக்கும் அது. மருந்து போய் உக்கார ஒரு பள்ளம் கிடையாது. முடியாதுன்னு கையை விரிச்சுட்டா. இப்பதான் ஏதோ ஒரு இடுக்கைக் கண்டுபிடிச்சிருக்காளாம்."

அந்த இடுக்கு என்ற சொல்லை அழகியமணவாளன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கீமோ சில மாதம் ஓடியது. இந்தக் கட்டி தன்னைச் சுற்றித் தழும்பு மாதிரி ஒரு சுவரைக் கட்டிக்கொள்ளும், மருந்து உள்ளே நுழைவதே கஷ்டம் என்று இருதயநாதன் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்சம் நுழைந்தது, பிறகு நின்றது. ஆனால் சோதனை முடிவு வந்தபோது அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெளிந்தது.

"நாம எதிர்பார்த்த கே-ராஸ் மாற்றம்தான். அந்தப் புரதத்து மேல போய் உட்கார்ற மாத்திரை ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கு. சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்க. உங்க பேரைச் சொல்லியிருக்கேன். ஆனா அவங்க எல்லாரையும் எடுக்க மாட்டாங்க. அம்மா தானா எழுந்து நடமாடணும். எடை இப்ப இருக்கிறதுலேருந்து இறங்கக் கூடாது. இறங்கினா கதவைச் சாத்திடுவாங்க சார்."

எடை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. கணையத்திலிருந்து வரவேண்டிய செரிமான நீர் குடலுக்கு வரவில்லை. சாப்பிட்ட நெய்யும் எண்ணெயும் அப்படியே வெளியே போனது. கழிவறையில் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மிதந்தது. அதைச் சொல்ல அவள் கூசினாள். முதலில் ஜாடையாகச் சொன்னாள், பிறகு பாடமாகச் சொன்னாள். இருதயநாதன் ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அழகியமணவாளன் மருந்துக் கடை ஜன்னலுக்குப் போனார். எந்த மருந்து வாங்கினாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவர் அவர். பணிமனையில் அதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். அன்றும் பிரித்தார். மேலேயே இருந்தது: பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது.

கமலவல்லி தும்மலுக்குக் கொடுத்தால்கூட காப்ஸ்யூல் விழுங்க மாட்டாள். மேலே இருக்கும் உறை மாட்டு எலும்பில் செய்தது என்று ஒரு தடவை எங்கோ படித்ததிலிருந்து, எந்தக் கடையிலும் அவளுடைய முதல் கேள்வி "மாத்திரையா இருக்கா?" என்பதுதான். வெங்காயம் நுழையாத வீடு. சாளக்கிராமப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் வீடு. இதை அவளிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்பாள், அமைதியாக. அந்த அமைதியோடு சென்னையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

கடைசி எழுத்து வரை படிக்கிறவர், அந்த ஒரு வரியோடு நிறுத்தினார். தாளைக் கசக்கி ஆஸ்பத்திரி வாசல் தொட்டியில் போட்டார். அட்டைகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன கொடுத்தா?" என்று கேட்டாள் கமலவல்லி.

"டானிக். ஸ்டாக் இல்லையாம். ஆகாரத்தைப் பார்த்துக்கோங்கோன்னா."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக் கல்லுரல் ஒன்று வாங்கி, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வீட்டு உரலில் இதை இடிக்க அவர் மனம் ஒப்பவில்லை. பெருமாளுக்குத் தளிகையைப் படைத்துக் கண்டருளப் பண்ணி முடித்த பிறகு, அவளுடைய பங்கைக் கிண்ணத்தில் தனியாக எடுப்பார். புழக்கடைப் பக்கம் போய்க் காப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருந்த குட்டிக் குருணைகளை மாவாக இடிப்பார். குருணை கண்ணில் பட்டால் கேட்பாள் இல்லையா? ஆவி பறக்கும் சாத்தமுதை, மற்ற வீடுகளில் ரசம் என்பதை, சாதத்தில் ஊற்றி, மாவைத் தூவி, குழையப் பிசைந்து கொண்டுவந்து கொடுப்பார். அவள் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் அவர் மூச்சு நின்று நின்று வரும். முகம் சுளித்தால் செத்தோம். நிறுத்திவிட்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தால் செத்தோம்.

அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். எடை இறங்கியது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் பிரான்சி அவளை எடை மேடையில் ஏற்றி இறக்கிவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். கலகலவென்று பேசும் பெண். அன்று பேச்சு குறைந்திருந்தது.

"சார், காப்ஸ்யூல் ஒழுங்கா எடுத்துக்கிறாங்களா? முதல் வாய் சாப்பாட்டோட?"

கமலவல்லி பக்கத்திலேயே நின்றாள். அழகியமணவாளன் எடை மேடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எடுத்துக்கறா."

"அப்புறம் ஏன் இறங்குது? டாக்டர்கிட்ட டோஸ் கூட்டச் சொல்றேன். ஆன்ட்டி, நீங்க என்ன, அங்கிள் சமையலைப் பழி வாங்குறீங்களா?"

"அவர் சமையலைப் பழி வாங்கணும்னா கல்யாணமான வருஷமே ஆரம்பிச்சிருக்கணும்" என்றாள் கமலவல்லி. காப்ஸ்யூல் என்ற சொல்லைக் கேட்டதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இல்லை. பயம்தான் கூடியது.

டோஸ் கூடியது. இடிக்கும் குருணையும் கூடியது. எடை மறுபடி இறங்கியது. இருதயநாதன், "சென்னையில அடுத்த மாசம் பார்க்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இப்படியே போனா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு மத்தியானம். அழகியமணவாளன் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தார். மேஜையில் கமலவல்லி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அந்தச் சின்னக் கல்லுரல் இருந்தது.

"சோப்புத்தூள் எடுக்கப் போனேன்" என்றாள். "இது என்னன்னா?"

"மிளகு... மிளகு இடிக்க."

"மிளகு இடிக்கற உரல் மெஷினுக்குப் பின்னாடி எதுக்கு உக்காந்திருக்கு? மடியா?"

கிண்ணம் கையைச் சுட்டது.

"பன்னிதானே?" என்றாள்.

அவர் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "உனக்கு எப்படி..."

"கணையம் சுரக்காதவாளுக்கு வேறெதுலேருந்து எடுத்துக் கொடுப்பா? எத்தனை வருஷம் இதே பாடம் நடத்தினேன்? நீங்க டானிக்னு சொன்ன அன்னிக்கே தெரியும். சாதத்துல நறநறன்னு தட்டுப்பட்டதும் நிச்சயமாத் தெரியும்."

"தெரிஞ்சா சாப்பிட்டே?"

"கேட்டா நீங்க சொல்லிடுவேள். பொய் சொல்லத் தெரியாது உங்களுக்கு. சொல்லிட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லியாகணும். கேக்காம இருந்தா சாப்பிடலாமேன்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஜாஹ்னவியோட இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். அவ்வளவுதான்."

ஜாஹ்னவி அவர்களுடைய ஒரே பெண். சென்னையில் வேலை பார்த்தாள். முதல் குழந்தைக்குக் காத்திருந்தாள்.

"அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் கேக்கறே?"

கமலவல்லி உரலுக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த மாவைத் தொட்டுப் பார்த்தாள். "குருணையை அப்படியே தூவறேள்னு நினைச்சிண்டிருந்தேன். இடிக்கறேளா?"

"கண்ணுல பட்டுடுமேன்னு..."

"இடிச்சு, அந்தக் கொதிக்கற சாத்தமுதுலயா போட்டேள்?"

அவர் தலையாட்டினார். அப்போது அவள் முகம் மாறியது. மஞ்சள் வந்த அன்றைக்கும், கட்டி என்று சொன்ன அன்றைக்கும் மாறாத முகம்.

"என்சைம் ஒரு புரதம். சூடு பட்டா வெந்துடும். வெந்தா ஒண்ணுக்கும் ஆகாது. அந்தக் குருணை மேல ஒரு பூச்சு இருக்கும். வயித்துல இருக்கற அமிலம் அதைத் தின்னுடாம குடல் வரைக்கும் காப்பாத்த. அதையும் இடிச்சுத் தூளாக்கிட்டேள்." குரல் இறங்கிப் போனது. "இத்தனை நாளும் நான் வெறும் சாதம்தான் சாப்பிட்டிருக்கேன்."

அழகியமணவாளன் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். வளையல் முழங்கை வரை போய் வந்தது. சென்னைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணப் பார்த்தார், எண்ண முடியவில்லை.

"அட்டையை எடுத்துண்டு வாங்கோ."

கொண்டுவந்தார். அவள் ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பாதி பழுப்பு, பாதி கண்ணாடி மாதிரி தெளிவு. உள்ளே குருணைகள் தெரிந்தன. சாளக்கிராமம் இருக்கும் அலமாரிப் பக்கம் அவள் திரும்பவில்லை. அவர்தான் போய் அதன் கதவை மூடினார். சாதத்தில் மோர் விட்டு ஆறவைத்துப் பிசைந்தாள். முதல் கவளத்தோடு காப்ஸ்யூலை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். தொண்டை ஒரு தரம் மேலே வந்து கீழே போனது. வாந்தி எடுத்துவிடுவாளோ என்று அவர் கைகளை ஏந்தியபடி நின்றார்.

"என்னன்னா, கையை நீட்டிண்டு நிக்கறேள், பிரசாதம் வாங்கற மாதிரி?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஜாஹ்னவிகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். ஆபீஸ் கேன்டீன்ல ஆம்லெட் திங்கற பொண்ணு. என்னைப் பார்த்துச் சிரிப்பா."

அன்று சாயங்காலம் அவள் விளக்கேற்றவில்லை. அவரைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள். பெருமாள் பாத்திரங்களைத் தொடவில்லை. அலமாரிக்கு எட்ட நின்று சேவித்துவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படித்தான். கோயிலுக்கு நடக்கப் போனால் வெளிப் பிராகாரத்தோடு திரும்பினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அவர் ஒரு நாள் கேட்டுப் பார்த்தார்.

"மருந்துதானே கமலா. மருந்துக்குத் தோஷம் இல்லேன்னு பெரியவாளே சொல்லியிருக்கா."

"தோஷம்னு யார் சொன்னா? ஒண்ணு வேணும்னா ஒண்ணைத் தள்ளி வெக்கணும்னு எனக்குத் தோணித்து. வெச்சிருக்கேன். அதைப் பத்திப் பேச வேண்டாம்."

எண்ணெய் மிதப்பது நின்றது. பிரான்சியின் எடை மேடையில் முள் முதலில் அசையாமல் நின்றது, பிறகு கொஞ்சம் ஏறியது. "அங்கிள் சமையல் திருந்திடுச்சு போல" என்றாள் பிரான்சி. சித்திரையில் அவர்கள் ஸ்ரீரங்கம் நிலையத்தில் பல்லவனில் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள், எடை பார்த்தார்கள். அவள் மேடையில் ஏறியபோது அழகியமணவாளன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு நர்ஸ், "ஓகேம்மா, இறங்குங்க" என்றது காதில் விழுந்தது. அந்த ஓகேக்கு என்ன அர்த்தம் என்று தெரிவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

கதவு திறந்தது. மாத்திரை கொடுத்தார்கள். முகமெல்லாம் பொரிப்பொரியாக வந்தது, வாயில் புண் வந்தது, நகக்கண் வெடித்தது. ஆனால் முதுகு வலி போனது. ஆடியில் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. சென்னை மருத்துவர் படத்தைக் காட்டிச் சிரித்தபோது ஜாஹ்னவி அழுதாள். அழகியமணவாளனுக்கு மட்டும் பயம் குறையவில்லை. கெட்ட செய்திக்குப் பயந்து பழகியிருந்தவருக்கு நல்ல செய்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆவணியில் ஜாஹ்னவிக்குப் பெண் பிறந்தது. கமலவல்லி ஜாஹ்னவியின் தாம்பரம் வீட்டில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பொரி வந்த கன்னத்தைக் குழந்தை பிராண்டியது. "பிராண்டு, பிராண்டு, பாட்டிக்கு அரிக்கறதுதான்" என்றாள்.

ஐப்பசி ஸ்கேனில் ஈரலில் புதுப் புள்ளிகள் இருந்தன.

"சுவிட்சை அமுக்கிப் பிடிச்சாச்சே, அப்புறம் எப்படி?" என்று அவர் ரயிலில் கேட்டார். கொள்ளிடம் பாலம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இருக்காதுன்னா. ஏதோ ஒண்ணு வேற வழியில கம்பி இழுத்துண்டிருக்கும். அது பிழைச்சுடும். அப்புறம் அதோட பிள்ளைகள்தான்." ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அதைக் குத்தம் சொல்லி என்ன? அதுவும் இருக்கணும்னுதானே பார்க்கறது."

மார்கழி பிறப்பதற்கு முன் அவள் போனாள். வீட்டில்தான். காய்ச்சல், பிறகு தூக்கம், பிறகு இல்லை. தூக்கத்துக்கு முன் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, அலமாரிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். திறந்து வைத்தார். அங்கேயிருந்தே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கிட்டே வரட்டுமா என்று கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல அவருக்கும் பயமாக இருந்தது. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள் சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண். மிக மரியாதையாகப் பேசினாள்.

"சார், கமலவல்லி மேடத்தோட கட்டியிலேருந்து எடுத்த சதைத் துணுக்கு ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. மாத்திரை ஏன் சில பேருக்கு நின்னு போகுதுன்னு அடுத்த ஆய்வு ஆரம்பிக்கிறோம். அதுக்கு வெச்சுக்கலாமான்னு குடும்பத்தைக் கேக்கணும்."

அழகியமணவாளன் சுவரில் கை வைத்துக்கொண்டார். மனசில் என்னவோ ஊர்ந்தது. "அது... உசிரோட இருக்கா? வளருமா?"

"இல்ல சார். வளராது. மெழுகுல பதிச்சிருக்கு. உயிர் எதுவும் இல்ல."

"ஐஸ்ல வெச்சிருக்கேளா?"

"தேவையில்ல சார். சாதாரண அறையில, இழுப்பறையில இருக்கு. எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்."

"எவ்வளவு பெரிசு?"

"நகத்துல பாதி இருக்கும் சார்."

"வெச்சுக்கோங்கோ" என்றார்.

அது அங்கேதான் இருக்கிறது. கரன்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாதாம்.